மேல்முறையீட்டு ஆவணத் தாக்கலும் சார்வும்: நீதிமன்றச் சேவை பற்றிய மதிப்புரை

மேல்முறையீட்டு மனுவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது ஒரு வேலை. அந்த மனுவும் அறிவிப்பும் எதிர்த்தரப்பினர் ஒவ்வொருவர் கையிலும் முறைப்படி சேர்ந்தன என்று நீதிமன்றத்தின் முன் நிரூபிப்பது இன்னொரு வேலை; இப்படிச் சேர்ப்பிப்பதைத்தான் சார்வு என்கிறோம். முதல் வேலைக்கு நம் நீதிமன்றங்கள் இன்று தரும் சேவை, மின்தாக்கல் வந்த பிறகு, மனம் திறந்து பாராட்டத்தக்க அளவுக்கு உயர்ந்திருக்கிறது. இரண்டாவது வேலைக்கான சேவையோ இன்னும் தபால்காரர் உறையின் மேல் எழுதும் குறிப்பான மேலெழுத்தையும், நீதிமன்ற ஆணைகளை நேரில் கொண்டுசெல்லும் பணியாளரான அமீனாவின் அறிக்கையையும் நம்பி நிற்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் உரிமையியல் மேல்முறையீடுகளையும், அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்குச் செல்லும் சிறப்பு அனுமதி மனுக்களையும் கையாளும் வழக்கறிஞர் என்ற நிலையில், இந்த இரண்டு பகுதிகளையும் ஒரே சேவையாக வைத்து மதிப்பிட விரும்புகிறேன். ஏனெனில் கட்சிக்காரருக்கு இவை இரண்டும் சேர்ந்து ஒரே சேவைதான்.

தாக்கலின் முதல் படி தீர்ப்பின் சான்றிட்ட நகல் பெறுவது. காலவரையறைச் சட்டம், 1963-இன் 116-ஆம் கூறு, உரிமையியல் தீர்ப்பாணையை (தீர்ப்பின் முடிவைத் தனியாக வரைந்து தரும் ஆணையை) எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்கு வர 90 நாட்களும், வேறு நீதிமன்றத்துக்குச் செல்ல 30 நாட்களும் தருகிறது. அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு, தீர்ப்பு நாளையும், நகல் பெறுவதற்குத் தேவைப்பட்ட காலத்தையும் கழித்துக் கணக்கிடச் சொல்கிறது. இந்தச் சலுகை தாராளமானதாகத் தோன்றினாலும் அதன் விளிம்புகள் கூர்மையானவை என்பதை முதல் முறை மேல்முறையீடு செய்வோர் அறிந்திருக்க வேண்டும். ஜூன் 10 அன்று தீர்ப்பு வந்து, ஜூன் 20 அன்று நகல் மனு கொடுத்து, ஜூலை 25 அன்று நகல் தயார் என்றால், கழிக்கப்படுவது அந்த இரண்டு தேதிகளையும் உள்ளடக்கிய 36 நாட்கள். எனவே செப்டம்பர் 8-இல் முடிய வேண்டிய காலம் அக்டோபர் 14 வரை நீள்கிறது. நகல் தயாரான பின் அதை வாங்காமல் ஆகஸ்ட் 10 வரை விட்டுவைத்தால் அந்த இடைவெளி கழிக்கப்படாது. நகல் கட்டணம் கேட்டு அறிவிப்புப் பலகையில் போட்ட பிறகு கட்டாமல் இருந்த நாட்களும் கட்சிக்காரர் கணக்கிலேயே சேரும். எல்லாவற்றையும் விட முக்கியமானது அந்தப் பிரிவின் விளக்கக் குறிப்பு: நகல் மனு கொடுப்பதற்கு முன்பு, தீர்ப்பாணையைத் தயாரிக்க நீதிமன்றம் எடுத்துக்கொண்ட காலத்தைக் கழிக்க முடியாது. தீர்ப்பாணை எழுதி முடியட்டும், பிறகு நகல் கேட்கலாம் என்று காத்திருப்பவர்கள் இந்தக் குறிப்பால்தான் பெருமளவில் பாதிக்கப்படுகிறார்கள். தீர்ப்பு சொல்லப்பட்ட அன்றே, முடியாவிட்டால் மறு வேலை நாளிலேயே, நகல் மனு கொடுத்துவிட வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இதுவே.

நகலின் பின்புறத்தில் மனு கொடுத்த நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள் ஆகியவை குறிக்கப்பட்டிருக்கும். பதிவகத்தில் காலக்கணக்கைச் சரிபார்க்கும் பணியாளர் முதலில் திருப்பிப் பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான். நீதிமன்ற நடைமுறையில் இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு பயனுள்ள செய்தியைத் தரும் இன்னொரு பதிவை நான் கண்டதில்லை. மின்தாக்கலில் பதிவேற்றும்போது முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டுப் பின்பக்கத்தை விட்டுவிடுவது குமாஸ்தாக்கள் செய்யும் பொதுவான தவறு. அந்த ஒரு பக்கம் இல்லாததற்காகவே கட்டு முழுவதும் திரும்பி வரும்.

காலம் கடந்துவிட்டால் காலவரையறைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின் கீழ் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவை மேல்முறையீட்டோடு சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41-ஆம் கட்டளை, 3-ஏ விதி கூறுகிறது. 1987-இல் அனந்த்நாக் நில எடுப்பு ஆட்சியர் வழக்கில், தொழில்நுட்பக் காரணங்களைவிட நியாயம் மேலானது என்ற நோக்கோடு தாமதத்தை அணுகும்படி உச்ச நீதிமன்றம் கூறியது. 2012-இல் லிவிங் மீடியா வழக்கில், கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்தது என்பதை மட்டுமே காரணமாகக் காட்டி அரசுத் துறைகள் மன்னிப்புக் கேட்பதை அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில்தான் ஒவ்வொரு தாமத மனுவும் வாதிடப்படுகிறது. இதில் சார்வு எப்படி உள்ளே வருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தாமத மனுவிலேயே எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். அது சேரும் வரை மேல்முறையீட்டுக்கு எண்கூடக் கிடைக்காது. பத்து நாள் தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனு, சார்வு முடியாததால் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடப்பதற்கு இதுவே வழி திறக்கிறது.

உயர் நீதிமன்றப் பதிவகத்தில் மனு கொடுக்கப்பட்டதும் முதலில் கிடைப்பது எஸ்.ஆர். எண் என்ற தற்காலிகப் பதிவு எண். மேல்முறையீட்டுப் பக்கத்துக்கான 1965-ஆம் ஆண்டு விதிகளின்படியும் நடைமுறைச் சட்டத்தின்படியும் ஆய்வு முடிந்து, கட்டணம், வக்காலத்து, நகல்கள், பக்க எண்கள் எல்லாம் சரியாக இருந்தால்தான் வழக்கு எண் தரப்படும். குறை இருந்தால் கட்டு ரிட்டர்ன் ஆகும். முதல் முறை தாக்கல் செய்த நாளே காலவரையறைக்குக் கணக்கு என்பதால் இது அச்சப்பட வேண்டிய ஒன்றல்ல. ஆனால் குறித்த காலத்துக்குள் குறைகளைச் சரிசெய்து மீளத் தாக்கல் செய்யாவிட்டால், மீளத் தாக்கலில் ஏற்பட்ட தாமதத்துக்குத் தனியாக ஒரு மனு போட வேண்டியிருக்கும். ஆய்வுப் பிரிவின் பணியைப் பற்றி ஒரு குறையைச் சொல்ல வேண்டும்: எல்லாக் குறைகளையும் முதல் முறையிலேயே சேர்த்துச் சொல்லிவிடுவதுதான் நல்ல சேவையின் அடையாளம். ஒரு குறையைச் சரிசெய்து கொடுத்த பின், முதலிலேயே கண்ணில் பட்டிருக்கக்கூடிய வேறொரு குறைக்காகக் கட்டு திரும்புவது எந்த நீதிமன்றத்தில் நடந்தாலும் கட்சிக்காரரின் பணத்தையும் நாட்களையும் வீணாக்குகிறது.

இந்த இடத்தில்தான் மின்தாக்கல் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்திருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2006-லேயே இதைத் தொடங்கியது. 2023 மே மாதத்தில் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. உயர் நீதிமன்றங்களுக்கும் கீழமை நீதிமன்றங்களுக்கும் உச்ச நீதிமன்றத்தின் மின்குழு (இ-கமிட்டி) உருவாக்கிய மூன்றாம் பதிப்புத் தளத்தில், வக்காலத்தை இணையவழியே ஏற்பது, ஆதார் வழி மின்கையொப்பம் இடுவது, உறுதிமொழியைக் காணொளியாகப் பதிவது, கட்டணத்தை அங்கேயே செலுத்துவது ஆகியவை உண்டு. 2023 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை மின்நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கென 7,210 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது என்பதிலிருந்தே இது தற்காலிக ஏற்பாடு அல்ல என்பது தெளிவு. இராமநாதபுரத்திலோ கன்னியாகுமரியிலோ அலுவலகம் வைத்திருக்கும் வழக்கறிஞர், கடைசி நாளன்று மதுரைக்குப் பேருந்தில் ஆள் அனுப்பாமல் தம் மேசையிலிருந்தே மனுவைப் பதிவேற்ற முடிகிறது என்பது எளிதாகக் கடந்துசெல்லக்கூடிய வசதி அல்ல. குறை சுட்டப்பட்டால் அதுவும் திரையிலேயே தெரிகிறது. எந்தப் பிரிவில் கட்டு இருக்கிறது என்று தேடி அலைய வேண்டியதில்லை. வழக்கு எண் கிடைத்ததும் 16 எழுத்து-இலக்கங்கள் கொண்ட சி.என்.ஆர். எண் மூலம் கட்சிக்காரரே தம் கைப்பேசியில் வழக்கின் நிலையைப் பார்த்துக்கொள்ளலாம். கணினி வசதி இல்லாதவர்களுக்கு நீதிமன்ற வளாகங்களில் இ-சேவா மையங்கள் இயங்குகின்றன. அங்கு உதவி கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

தளம் சரியாக இருந்தும் கோப்பு சரியாக இல்லாமல் போவதுண்டு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கீழமை நீதிமன்றத்தின் பழைய ஆவணங்கள், அதிலும் மங்கிய மையில் எழுதப்பட்ட கிரயப் பத்திரங்களும் அடங்கல் நகல்களும், ஸ்கேன் செய்தால் படிக்க முடியாத சாம்பல் பக்கங்களாகிவிடுகின்றன. அவற்றைத் தட்டச்சு செய்து டைப்செட் எனப்படும் ஆவணத் தொகுப்பில் சேர்ப்பதுதான் நீதிபதிக்கும் எதிர்த்தரப்புக்கும் செய்யும் மரியாதை. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட கோப்பில் புத்தகக்குறிகள் இல்லாவிட்டால் விசாரணையின்போது ஒரு சான்றாவணத்தைத் தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

உச்ச நீதிமன்றத்துக்குச் செல்லும் பாதை இன்னும் கண்டிப்பானது. 2014 ஆகஸ்ட் 19 முதல் நடைமுறையில் உள்ள 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி, அங்கே மனுவைத் தாக்கல் செய்யும் உரிமை அட்வகேட் ஆன் ரெக்கார்டு எனப்படும் வழக்கறிஞர்களுக்கே உண்டு. நான்கு ஆண்டு தொழில் அனுபவம், அதன்மேல் ஓராண்டுப் பயிற்சி, தேர்வு ஆகியவற்றோடு, நீதிமன்றக் கட்டடத்திலிருந்து 16 கிலோமீட்டருக்குள் தில்லியில் அலுவலகம் இருக்க வேண்டும் என்பதும் அதற்கான தகுதிகளில் ஒன்று. காகிதமும் நேரில் செல்லும் குமாஸ்தாவும்தான் வழி என்று இருந்த காலத்தில் இந்தத் தூரக் கட்டுப்பாட்டுக்கு நல்ல காரணம் இருந்தது. எந்த ஊரிலிருந்தும் எந்த நேரத்திலும் பதிவேற்றலாம் என்ற நிலை வந்த பிறகும் 16 கிலோமீட்டர் வட்டம் அப்படியே தொடர்வது, தென்கோடியிலிருந்து செல்லும் கட்சிக்காரருக்கு இன்னொரு வழக்கறிஞரின் கட்டணத்தையும் சேர்த்துச் சுமத்துகிறது என்பது என் உறுதியான கருத்து.

சிறப்பு அனுமதி மனுவுக்குக் காலம் 90 நாட்கள். மேல்முறையீட்டுக்குத் தகுந்த வழக்கு என்ற சான்றை உயர் நீதிமன்றம் மறுத்த ஆணையிலிருந்து கணக்கிட்டால் 60 நாட்கள். குறைகளை மொத்தம் 28 நாட்களுக்குள் நீக்க வேண்டும் என்ற விதி மிகவும் நல்ல விதி. அது கெடுவை முன்கூட்டியே சொல்லிவிடுவதால் வழக்கறிஞரும் கட்சிக்காரரும் திட்டமிட முடிகிறது. காகித வடிவத்தையும் இந்த நீதிமன்றம் ஒழுங்குபடுத்தியிருக்கிறது: 2020 ஏப்ரல் 1 முதல் 75 ஜி.எஸ்.எம்-க்குக் குறையாத ஏ4 தாளில், இரு பக்கமும் அச்சிட்டு, டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துருவில் 14 அளவில், ஒன்றரை வரி இடைவெளியில், இடம் வலம் 4 சென்டிமீட்டரும் மேல் கீழ் 2 சென்டிமீட்டரும் விட்டுக் கொடுக்க வேண்டும். இரு பக்க அச்சு என்ற அந்த ஒரு மாற்றத்தால் கட்டுகளின் பருமன் பாதியாகக் குறைந்தது.

தமிழ்நாட்டிலிருந்து செல்வோருக்கு மொழிபெயர்ப்பு ஒரு தனிச் செலவு. அரசமைப்பின் 348-ஆம் கூறு உச்ச நீதிமன்றத்தின் மொழியாக ஆங்கிலத்தைக் கொண்டிருப்பதாலும், ஆங்கிலம் அல்லாத ஆவணத்தை மொழிபெயர்ப்பின்றிப் பயன்படுத்த முடியாது என்று விதிகள் கூறுவதாலும், பத்திரம், உயில், சாட்சிகளின் வாக்குமூலம் என எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழை வழக்காடு மொழியாக்கக் கோரி 2006-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்துக்கு உச்ச நீதிமன்றம் இசைவு தரவில்லை என்பது வரலாறு. ஆவணங்களின் அளவிலாவது, நீதிமன்றமே தன் செலவில் மொழிபெயர்த்துக்கொள்ளும் ஏற்பாடு வர வேண்டும் என்று நான் உளமார விரும்புகிறேன். அவசரத்தில் செய்த மொழிபெயர்ப்பில் நான்குமால் எல்லைகள் இடம் மாறினால், அந்தப் பிழை வழக்கின் இறுதி வரை தொடர்ந்து வந்து தொல்லை கொடுக்கும்.

வழக்கறிஞர் இல்லாமல் வருவோருக்கும் கதவு திறந்தே இருக்கிறது. உச்ச நீதிமன்றத் தளத்தில் கட்சிக்காரர் நேரடியாகவே பதிவு செய்து மனுத் தாக்கல் செய்யலாம். நேரில் வாதிட அனுமதி கோரும் மனுவோடு வந்தால் பதிவாளர் அவரிடம் பேசித் தம் அறிக்கையைத் தருகிறார். ஆனால் இந்த நீதி அமைப்பில் தாக்கல் தொடர்பாக எழுதப்பட்ட விதிகளிலேயே மிகவும் மனிதநேயம் மிக்கது எது என்று என்னைக் கேட்டால், சிறையில் இருப்பவர் தம் மேல்முறையீட்டு மனுவைச் சிறை அதிகாரியிடம் கொடுத்தாலே போதும், அதை உரிய நீதிமன்றத்துக்கு அனுப்புவது அவரின் கடமை என்ற குற்றவியல் நடைமுறை விதியைத்தான் சொல்வேன். தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகல் இலவசமாகத் தரப்பட வேண்டும் என்பதும் அதனோடு சேர்ந்த விதி. நீதிமன்ற வாசலுக்கு வர முடியாதவரின் இடத்திலேயே ஒரு தாக்கல் முகப்பை இந்தச் சட்டம் அமைத்துக் கொடுத்திருக்கிறது.

இனி சார்வுக்கு வருகிறேன். நடைமுறைச் சட்டத்தின் ஐந்தாம் கட்டளை பதிவுத் தபால், விரைவுத் தபால், கூரியர், மின்னஞ்சல் என்று பல வழிகளைத் திறந்துவைத்திருக்கிறது. வாங்க மறுத்ததாக மேலெழுத்து வந்தால் சார்வு ஆனதாகவே நீதிமன்றம் அறிவிக்கலாம். சரியான முகவரியிட்டு, கட்டணம் செலுத்தி, ஒப்புகையுடன் கூடிய பதிவுத் தபாலில் அனுப்பி 30 நாட்களுக்குள் ஒப்புகை வராவிட்டாலும் அவ்வாறே அறிவிக்க 9-ஆம் விதி இடம் தருகிறது. ஏட்டளவில் இது போதுமானது. நடைமுறையில், 'வீடு பூட்டியிருந்தது', 'முகவரியில் இல்லை', 'வெளியூர் சென்றுவிட்டார்' என்ற மூன்று மேலெழுத்துகளும் மூன்று வெவ்வேறு விளைவுகளைத் தருகின்றன. முதலாவதைத் தவிர்ப்பாகக் கருத இடமுண்டு. இரண்டாவது வந்தால் புதிய முகவரி கொடுக்க வேண்டும். மூன்றாவது வந்தால் மறுபடி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் பேட்டா என்ற சார்வுக் கட்டணம் கட்டி, கவர் கொடுத்து, வாய்தா வாங்க வேண்டும். எல்லா வழியும் தோற்ற பிறகு 20-ஆம் விதியின்படி நாளிதழ் விளம்பரமும் வீட்டுக் கதவில் ஒட்டுதலும் வருகின்றன. அந்த விளம்பரச் செலவு ஒரு சிறு விவசாயிக்குப் பெருஞ்சுமை.

2025-இல் அஞ்சல் துறை பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு இணைத்துவிட்ட பின், சட்டத்தில் உள்ள 'பதிவுத் தபால்' என்ற சொல்லை ஒட்டியே பழகிய படிவங்களையும் மேலெழுத்துகளையும் நீதிமன்றங்கள் புதிதாக ஒழுங்குபடுத்த வேண்டியிருக்கிறது. பொதுப்பிரிவுகள் சட்டத்தின் 27-ஆம் பிரிவில் உள்ள அனுமானம் அந்தச் சொல்லின் மேல்தான் நிற்கிறது என்பதால், வழக்கறிஞர்கள் அனுப்பும் உறையின் மேல் என்ன எழுதப்பட்டிருக்கிறது, ரசீதில் என்ன அச்சாகியிருக்கிறது என்பதைக் கவனமாகப் பார்த்துக் கோப்பில் வைக்க வேண்டும்.

இந்தப் பகுதியில் நான் மனமாரப் பரிந்துரைப்பது, நீதிமன்றத்தின் அனுமதியோடு வழக்கறிஞரே அனுப்பும் பிரைவேட் நோட்டீஸ். உச்ச நீதிமன்றத்தில் தஸ்தி என்ற பெயரில் இதே முறை உண்டு. அனுமதி கிடைத்த அன்றே நோட்டீஸை அனுப்பிவிட்டு, அஞ்சல் துறையின் கண்காணிப்புப் பக்கத்தின் அச்சையும் ஒப்புகையையும் இணைத்துச் சார்வுக்கான உறுதிமொழி ஆவணம் தாக்கல் செய்தால், அடுத்த வாய்தாவிலேயே வழக்கு நகரும். நீதிமன்றம் வழியாக மட்டுமே அனுப்பிவிட்டுக் காத்திருப்பதைவிட இது மிகவும் விரைவானது, செலவும் அதிகமில்லை.

தொழில்நுட்ப வழிச் சார்வுக்கு ஒரு தொடக்கம் 2020-இல் கிடைத்தது. பெருந்தொற்றுக் காலத்தில் காலவரையறையை நீட்டிக்க உச்ச நீதிமன்றம் தானாகவே எடுத்துக்கொண்ட வழக்கில், அந்த ஆண்டு ஜூலை 10 அன்று, மின்னஞ்சலோடு வாட்ஸாப் போன்ற செயலிகள் வழியாகவும் அறிவிப்புகளை அனுப்பலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதே வழக்கில்தான் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலம் காலவரையறைக் கணக்கிலிருந்து முழுவதுமாக விலக்கப்பட்டது. அந்த ஆண்டுகளின் தீர்ப்புகள் மீதான மேல்முறையீடுகளில் இன்றும் இந்தத் தேதிகள் தேவைப்படுகின்றன. ஆனால் எல்லா அறிவிப்புக்கும் வாட்ஸாப் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. கைதுக்கு முன் காவல் துறை தர வேண்டிய நேரில் வரச் சொல்லும் அறிவிப்பை வாட்ஸாப்பில் அனுப்புவது செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறிவிட்டது. ஒருவரின் சுதந்திரம் தொடர்பான அறிவிப்புக்கும், இரண்டாம் மேல்முறையீட்டில் வாய்தா தேதியைச் சொல்லும் அறிவிப்புக்கும் வேறுபாடு வைப்பது சரியே என்று நினைக்கிறேன்.

அமீனாக்களுக்கான என்ஸ்டெப் செயலி இந்தத் துறையில் வந்த மிக நல்ல கருவி. அழைப்பாணையோடு அமீனா சென்ற இடம் ஜி.பி.எஸ். மூலம் பதிவாகிறது, ஒட்டிய இடத்தின் படத்தையும் சேர்க்க முடிகிறது. போகாமலே போனதாக எழுதிவிட்டார்கள் என்ற பழைய குற்றச்சாட்டுக்கும், வந்த அமீனாவை வரவே இல்லை என்று மறுக்கும் பழைய பொய்க்கும் இது ஒருசேர முடிவு கட்டும் ஆற்றல் உள்ளது. எல்லா மாவட்டங்களிலும், எல்லா அழைப்பாணைகளுக்கும் இதை விலக்கின்றிப் பயன்படுத்துவதுதான் அடுத்து நடக்க வேண்டியது.

சார்வின் மிகக் கடினமான பகுதி, இறந்துபோன எதிர்த்தரப்பினர். பாகப்பிரிவினை வழக்கில் பதினைந்து, இருபது எதிர்த்தரப்பினர் இருப்பது நம் ஊர்களில் இயல்பு. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும் ஆண்டுகளில் அவர்களில் ஒருவர் இறந்தால், 90 நாட்களுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுப் போட வேண்டும். தவறினால் அவரைப் பொறுத்தவரை மேல்முறையீடு அற்றுப்போகும். அதை நீக்கக் கோர மேலும் 60 நாட்கள் உண்டு. அதற்கும் மேல் போனால் தாமத மனு. ஆக ஒரு மரணத்துக்கு மூன்று மனுக்கள், அவை ஒவ்வொன்றுக்கும் வாரிசுகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சார்வு. பாகப்பிரிவினையில் ஒருவர் பங்கு தீர்மானமாகாமல் மற்றவர் பங்கைத் தீர்மானிக்க முடியாது என்பதால், ஒருவரைப் பொறுத்து அற்றுப்போனதே மேல்முறையீடு முழுவதையும் வீழ்த்திவிடும் ஆபத்தும் உண்டு. என் கட்சிக்காரர் ஒருவருக்கு, எதிர்த்தரப்பில் ஒருவர் இறந்த செய்தி, 'முகவரிதாரர் காலமானார்' என்ற தபால் மேலெழுத்தைப் பார்த்த பின்புதான் தெரிந்தது; அதற்குள் 90 நாட்கள் எப்போதோ கடந்திருந்தன. தன் கட்சிக்காரர் இறந்ததை வழக்கறிஞர் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 22-ஆம் கட்டளை 10-ஏ விதி கூறினாலும், அறிவிப்பே சேராத நிலையில் எதிர்த்தரப்புக்கு வழக்கறிஞரே இருக்கமாட்டார் என்பதால் அந்த விதி இங்கே கைகொடுப்பதில்லை. இறப்புப் பதிவேடுகள் கணினிமயமாகியுள்ள நிலையில் அவற்றை வழக்குப் பட்டியலோடு இணைத்து எச்சரிக்கை அனுப்புவது இயலாத காரியமல்ல.

கேவியட் மனுவைப் பற்றி ஒரு வார்த்தை. கீழே வென்றவர், மேல்முறையீட்டில் தன்னைக் கேட்காமல் இடைக்காலத் தடை வழங்கிவிடக் கூடாது என்று கருதினால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148-ஏ பிரிவின்படி கேவியட் போட்டுவைப்பதே பாதுகாப்பு. அதன் ஆயுள் 90 நாட்கள். சிறப்பு அனுமதி மனு முதலில் எதிர்த்தரப்பு இல்லாமலே விசாரணைக்கு வரும் என்பதால் உச்ச நீதிமன்றத்தில் இதன் பயன் இன்னும் கூடுதல். குறைந்த செலவில் இவ்வளவு காப்பு தரும் தாக்கல் வேறு இல்லை.

எதிர்த்தரப்புக்கும் சார்வுத் தேதியில் ஒரு நலன் இருக்கிறது. 41-ஆம் கட்டளை 22-ஆம் விதியின்படி குறுக்கு ஆட்சேபணை (கீழமைத் தீர்ப்பில் தமக்குப் பாதகமான பகுதிக்கு எதிரான ஆட்சேபணை) தாக்கல் செய்ய அவருக்குள்ள ஒரு மாதம், விசாரணை நாள் குறித்த அறிவிப்பு அவருக்கோ அவர் வழக்கறிஞருக்கோ சார்வான நாளிலிருந்து தொடங்குகிறது. சார்வான நாள் எது என்று இரு தரப்பும் ஐயமின்றித் தெரிந்துகொள்ள முடியாத அமைப்பில் இந்த ஒரு மாதத்தை எண்ணுவதே ஒரு வழக்காகிவிடும். உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு முன் வெளியிடப்படும் அலுவலக அறிக்கையில் எந்த எதிர்த்தரப்புக்குச் சார்வு முடிந்தது, யாருக்கு முடியவில்லை என்பது எழுதப்பட்டிருக்கும். அது இணையத்திலும் கிடைக்கும். இந்த அறிக்கையைப் படித்துவிட்டு நீதிமன்றத்துக்குள் செல்வதால் வீணாகும் வாய்தாக்கள் பல தவிர்க்கப்படுகின்றன. உயர் நீதிமன்றத்தின் ஒவ்வொரு மேல்முறையீட்டிலும், எதிர்த்தரப்பினர் வாரியாக, தேதியோடு, இதே அளவுக்குத் தெளிவான சார்வுப் பட்டியல் வழக்கு நிலைப் பக்கத்திலேயே வர வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை.

இரண்டாவது கோரிக்கைக்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. வழக்குரையோடு ஒவ்வொரு தரப்பினரும் தம் முகவரி அறிக்கையைத் தர வேண்டும், அந்த முகவரி மேல்முறையீட்டுக்கும் செல்லும், வழக்கு இறுதியாக முடிந்த பின் இரண்டு ஆண்டுகள் வரை நிலைக்கும் என்று 6-ஆம் கட்டளை 14-ஏ விதி முன்பே கூறுகிறது. முகவரி மாறினால் மாற்றிக்கொடுப்பது தரப்பினரின் பொறுப்பு. கீழமை நீதிமன்றங்கள் இந்த அறிக்கையை ஒரு சடங்காக வாங்கிக் கட்டில் சேர்க்காமல், கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் சேர்த்து வாங்கி, மின்தாக்கல் தளத்தில் ஏற்றி, மேல்முறையீடு தாக்கலாகும்போது அது தானாகவே நிரம்பும்படி செய்தால், முகவரி தேடும் வாய்தாக்களில் பெரும்பகுதி மறைந்துவிடும்.

அதுவரை, மேல்முறையீடு செய்ய வருவோரிடம் தீர்ப்பின் நகலைக் கேட்கும்போதே எதிர்த்தரப்பினர் ஒவ்வொருவரின் இன்றைய முகவரி, அஞ்சல் குறியீட்டு எண், கைப்பேசி எண், அவர் உயிரோடு இருக்கிறாரா என்ற விவரம், இல்லையென்றால் வாரிசுகளின் பெயர்கள் ஆகியவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு வாங்கிக்கொள்கிறேன். அந்தத் தாள் முழுமையாகாமல் மனுவைத் தளத்தில் ஏற்றுவதில்லை, காலம் முடியும் நாளாக இருந்தால் மட்டும் ஏற்றிவிட்டு மறு வாரத்துக்குள் அதை நிரப்பித் தரச் சொல்கிறேன்.